எட்டு விநாடி சுத்தம்

ஒரே ஒரு சோற்றுப் பருக்கை.

அதை நான்கு வயது யாழிசையின் நாக்கில் வைத்துவிட்டு டாக்டர் மிருதுளா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் அட்ரினலின் ஊசி. 2058-இல் அமுதவெளி வளாகத்தில் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற லட்சணம் இதுதான்.

முதல் நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிஷமும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் காது மடல் சிவந்தது. நான்காவதில் கீழுதடு, உள்ளேயிருந்து யாரோ ஊதுகிற மாதிரி புடைத்தது. குழந்தை அழவில்லை. அழுதால் மூச்சு செலவாகும் என்பதை இத்தனை சின்ன வயதிலேயே கற்று வைத்திருந்தது. மிருதுளா ஊசியைத் தொடையில் இறக்கினாள்.

பால் போய் இரண்டு வருஷம். பிறகு கோதுமை, முட்டை, பருப்பு, வாழைப்பழம் என்று வரிசையாகப் போயின. இப்போது அரிசியும் போயாயிற்று. பாக்கி இருப்பது மரவள்ளிக்கிழங்கும் ஒரு டப்பாப் பொடியும். அந்த இரண்டும் போனால் மூக்கு வழியாகக் குழாய். அதற்கு மேல் மிருதுளா யோசிக்க விரும்பவில்லை.

“அரிசியுமா டாக்டர்?” என்றார் விக்னேஷ்வரன். குழந்தையின் தாத்தா. அமுதவெளி குடியிருப்போர் சங்கத் தலைவர். சொந்த வீட்டுக் கூடத்திலேயே முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அரிசியும்தான் சார்.”

“நாங்க எவ்வளவு சுத்தமா இருக்கோம்! காத்த ஃபில்டர் பண்றோம். தண்ணிய மூணு தடவ ஃபில்டர் பண்றோம். வேலைக்கு வர்றவங்களையே ஃபில்டர் பண்றோம். அப்புறமும் இப்படின்னா எப்படி டாக்டர்?”

கடைசியாகச் சொன்னது மிகை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆறு பிளாக்குகளோடு நிமிர்ந்து நின்ற அமுதவெளியில், வீட்டுக்காரர்களுக்குப் பளிங்கு முன்வாசல். வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்வாசல், தனி லிஃப்ட். அந்த லிஃப்டுக்கு முன்னால் பிளாக்குக்கு ஒரு ‘சுத்தவாசல்’. ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி அது. உள்ளே போய்க் கையைத் தூக்கி, கண்ணை மூடி நிற்க வேண்டும். எட்டு விநாடிக்கு வெண்பனி மாதிரி ஒரு மருந்து இறங்கும். தோலில், துணியில், தலைமுடியில் குடியிருக்கிற அத்தனை நுண்ணுயிர்களும் காலி. போதாததற்கு, மருந்தின் வீரியம் முப்பது மணி நேரம் உடம்பிலேயே நிற்கும் என்பது கம்பெனியின் பெருமை. பச்சை விளக்கு எரிந்ததும் மறுபக்கக் கதவு திறக்கும். அதைக் கடந்து வருகிறவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பொட்டி’.

விருந்தாளிகளுக்குப் பொட்டி கிடையாது. அவர்களும் இதே மாதிரி வளாகங்களிலிருந்து காரில் வருகிறவர்கள். கிருமிக்கு அந்தஸ்து பார்க்கத் தெரியும் என்பது சங்கத்தின் நம்பிக்கை.

இரண்டு வருஷமாக இந்த வளாகத்தின் மருத்துவர் மிருதுளா. அவள் பதிவேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஒவ்வாமைக் குழந்தைகள். இந்த மனிதர்களைப் பார்த்தாலே அவளுக்கு ஓர் இளப்பம். அதை வெளியில் காட்டாமல் இருக்கப் பழகியிருந்தாள்.

உள்ளேயிருந்து எஸ்தர் வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை யாழிசை அவள் பொறுப்பு. வளாகத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மீனவர் குப்பம் அவள் ஊர். முதுகைத் தடவிக் கொடுத்த கைகளில் வெள்ளை வெள்ளையாக வெடிப்பு. தினமும் பொட்டியில் நிற்கிற எல்லார் கையும் அப்படித்தான்.

“இன்னொரு விஷயம் டாக்டர்” என்று குரலைத் தாழ்த்தினார் விக்னேஷ்வரன். “நேத்து நம்ம வளாகத்துல ஒரு பயங்கரவாதச் சம்பவம் நடந்திருக்கு.”

செல்போனை நீட்டினார். கேமராப் பதிவு. C பிளாக்கின் வரவேற்புக் கூடம். ஆறு வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை சோபாவில் குதித்துக்கொண்டே எதையோ கடிக்கிறது.

“என்ன சார் இது?”

“கடலை மிட்டாய்! பட்டப்பகல்ல, ஓப்பனா! இந்தக் கேம்பஸ்ல கடலைய தடை பண்ணி ஒன்பது வருஷம் ஆச்சு. அவங்க வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பிட்டேன்.”

மிருதுளாவுக்கு அவர் பேச்சு காதில் ஏறவில்லை. திரையில் அந்தக் குழந்தை மிட்டாயை முடித்து, விரல்களை ஒவ்வொன்றாக நக்கி, பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிப் போனது. உதடு வீங்கவில்லை. ஒரு சின்ன இருமல்கூட இல்லை.

“இந்தக் குழந்தை என் லிஸ்ட்லயே இல்லையே?”

“C பிளாக்காரன் எவனும் உங்க கிட்ட வர மாட்டான் டாக்டர். திமிர் புடிச்சவங்க. வெளில வேற யாராவது பெரிய டாக்டரப் பாப்பாங்க.”

இரண்டு வருஷமாக மிருதுளாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். போனால் போகட்டும், தொல்லை விட்டது என்று இருந்தாள். போய்ப் பார்க்கலாம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

*

C பிளாக்கில் ஐம்பத்து மூன்று குழந்தைகள். மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் தூசியினால் தும்மல். மற்றவை பாலும் நெய்யும் மீனுமாகத் தின்று கொழுத்துக் கிடந்தன.

“வெளில சொல்லிடாதீங்க டாக்டர், கண்ணு பட்டுடும்” என்றாள் ஒரு தாய், கதவைப் பாதி சாத்தியபடி. “எங்க ஜீன்ஸ் அப்படி. எங்க மாமனார் பக்கம் எல்லாருமே ஸ்ட்ராங்.”

ஐம்பத்து மூன்று குழந்தைகளுக்கும் அதே மாமனாரா என்று கேட்க வந்த வாயை மிருதுளா மூடிக்கொண்டாள்.

அதே தண்ணீர். அதே காற்று. கட்டியவன் ஒருவன், பெயின்ட்கூட ஒரே டப்பாவிலிருந்து. தண்ணீரையும் தரையையும் திரைச்சீலைகளையும் சோதித்து ஒரு வாரத்தை வீணடித்தாள். அதற்குள் யாழிசைக்கு மரவள்ளிக்கிழங்கும் லேசாக அரிக்கத் தொடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை A பிளாக்கில் யாழிசையின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, யாரிடமோ சொல்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னாள். “C பிளாக்ல அப்படி என்னதான் இருக்கோ, ஒண்ணும் புரியல.”

எஸ்தர் கூடத்தை எட்டிப் பார்த்தாள். விக்னேஷ்வரன் இல்லை.

“அங்க ஒண்ணும் புச்சா இல்ல டாக்டரம்மா. இங்க கீறது ஒண்ணு அங்க இல்ல.”

“எது?”

“பொட்டி. அது செத்து ஏழு வருசம் ஆவுது.”

மிருதுளா நிமிர்ந்தாள். “செத்துடுச்சா? ஆபீஸ் ஸ்கிரீன்ல ஆறு பிளாக்கும் பச்சையாத்தான இருக்கு. நான் பாத்திருக்கேனே.”

“வெளக்கு எரியும். கதவு தொறக்கும். மருந்து மட்டும் வராது.” எஸ்தர் வாயைப் பொத்திச் சிரித்தாள். “எங்களுக்குள்ள அடிபுடி, யாரு C பிளாக்கு வேலைக்குப் போறதுன்னு. அங்க எடம் காலியாச்சுன்னா சீட்டுக் குலுக்கிப் போடுவோம். எனுக்கு மூணு வாட்டி வுழவே இல்ல.”

“ஏழு வருஷமா ஒருத்தர்கூட இத சொல்லலையா?”

“சொன்னா ரிப்பேர் பண்ணிடுவாங்களே!”

மிருதுளா பையைத் தூக்கிக்கொண்டு நேராக C பிளாக்கின் பின்வாசலுக்கு நடந்தாள். அவளுக்கே அது எந்தப் பக்கம் என்று காவலாளியிடம் கேட்க வேண்டியிருந்தது. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, கேஸ் குழாய்களுக்குக் கீழே குனிந்து போனால், அந்தக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே போய் நின்று கையைத் தூக்கினாள். எட்டு விநாடி. பச்சை விளக்கு. கதவு திறந்தது. சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

வளாகத்து எலெக்ட்ரீஷியன் டில்லியைக் கூப்பிட்டு விட்டாள். வந்தவன் பெட்டிக்குள் டாக்டரைப் பார்த்ததும் முகம் வெளிறிப் போனான்.

“மேடம், அது வந்து… மோட்டார் பூட்ச்சு. ஸ்பேர் ஜப்பான்லேர்ந்து வரணும்னாங்க. மூணு மாசம் ஆவும், அதுவரிக்கும் C பிளாக்குக்கு வேலையாளுங்க யாரும் வரக் கூடாதுன்னு ஒரே ரகள. வூட்டுக்கு வூடு பாத்திரம் நாறுது. அப்ப இருந்த C பிளாக்கு செக்ரெட்டரி என் கையப் புடிச்சிகினு, ‘டில்லி, ஏதாவது பண்ணுப்பா’ன்னாரு. மோட்டார வுட்டுட்டு, லைட்டுக்கும் கதவுக்கும் மட்டும் டைரக்ட் கரென்ட்டு குட்த்துட்டேன். அந்தச் செக்ரெட்டரி வூட்ட வித்துட்டுப் போய்ட்டாரு. நானும் மறந்துட்டேன்.”

“ஏழு வருஷமா யாரும் கண்டுபிடிக்கலையா?”

“யாரு மேடம் இந்தப் பக்கம் வர்றா?”

அவ்வளவுதான் விஷயம். ஆயிரத்து இருநூறு வீடு. எல்லாரும் படித்தவர்கள்; பாதிப் பேர் அமெரிக்கா போய் வந்தவர்கள். தங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று பார்க்க ஏழு வருஷத்தில் ஒருவரும் பின்பக்கம் வரவில்லை. பச்சை விளக்கைப் பார்த்தார்கள், திருப்தியானார்கள். அந்த மெத்தனம்தான் ஐம்பத்து மூன்று பிள்ளைகளைக் காப்பாற்றியிருந்தது. மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்தின் அவசரக் கூட்டம். ஏசி அறை. ஒன்பது பேர். எஸ்தரும் இன்னொரு பெண்ணும் சுவரோரமாக நின்று, கொட்டையில்லாத, பாலில்லாத, கோதுமையில்லாத, ருசியும் இல்லாத பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“சிம்பிளா சொல்லுங்க டாக்டர்” என்றார் பொருளாளர் ரோஹித். “எங்களுக்கு டைம் இல்ல.”

“சிம்பிளாவே சொல்றேன். நம்ம உடம்புக்குள்ள ஒரு போலீஸ்காரன் இருக்கான். பொறந்ததுலேர்ந்து தெருவுல போற வர்ற ஆயிரம் பேரைப் பாக்கணும் அவன். இவன் நம்ம ஆளு, இவன் சும்மா போறவன், இவன்தான் திருடன்னு அப்படித்தான் கத்துக்குவான். அந்த ஆயிரம் பேரு யாருன்னா, கண்ணுக்குத் தெரியாத சாதுவான நுண்ணுயிர்ங்க. மண்ணுலேர்ந்து, செடியிலேர்ந்து, முக்கியமா மத்த மனுஷங்க கையிலேர்ந்து வரும். உங்க குழந்தைங்க போலீஸ்காரன் யாரையுமே பாக்கல. ஒரு பூட்டின ரூம்ல வெச்சு, கையில துப்பாக்கிய மட்டும் குடுத்து வளர்த்திருக்கீங்க. அரிசியக் கண்டா சுடறான். பாலக் கண்டா சுடறான்.”

“நாங்க எங்க பூட்டினோம்?” என்றாள் அபர்ணா. வக்கீல். கேள்வியே குறுக்கு விசாரணை மாதிரி வந்தது.

“உங்க குழந்தைய ஒரு நாள்ல நீங்க எவ்வளவு நேரம் தொடறீங்க மேடம்? அரை மணி? பத்து மணி நேரம் தொடறது வேலைக்கு வர்றவங்க. மண்ணு, செடி, நாய், கடல், பத்து வீட்டுக் குழந்தைங்கன்னு வெளி உலகத்துலேர்ந்து உங்க குழந்தைக்கு வர்ற ஒரே வழி அவங்க கைதான். அந்த வழியிலதான் பொட்டி வெச்சிருக்கீங்க. C பிளாக்ல அது வேலை செய்யல. C பிளாக் குழந்தைங்க கடலை மிட்டாய் தின்னுது.”

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது என்று மிருதுளா நினைத்தாள். C பிளாக்கை இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காதது முதல் தப்பு என்றால், அவள் செய்த இரண்டாவது தப்பு அது.

“அப்போ C பிளாக்காரங்க ஏழு வருஷமா விதிய மீறியிருக்காங்க” என்றாள் அபர்ணா.

“உடனே ரிப்பேர் பண்ணணும்” என்றது ஒரு குரல்.

“இருங்க, இருங்க. டாக்டர் சொல்றதுல ஒரு பாயின்ட் இருக்கு” என்றார் ரோஹித். அவர் கண்கள் பளபளத்தன. “அவங்க உடம்புல ஏதோ நல்ல சரக்கு இருக்கு. அத எடுத்து, சுத்தம் பண்ணி, கேப்ஸ்யூல்ல போட்டா? வேலையாளுங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு பஞ்சால துடைச்சு எடுத்துட்டு, அப்புறம் பொட்டில விட்டா?”

“பிரமாதம்” என்றார்கள் இருவர்.

“அதுக்கு அந்தக் குப்பம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கணும்” என்று யோசனையோடு சொன்னாள் அபர்ணா. “அங்க பாதாளச் சாக்கடை போடப் போறாங்களாம், வீட்டுக்கு வீடு குழாயாம். சோர்ஸ் கெட்டுடும். நாளைக்கே கோர்ட்ல ஸ்டே வாங்கிடலாம். ‘பாரம்பரிய நுண்ணுயிர் மண்டலப் பாதுகாப்பு’. தலைப்பு நல்லா இருக்குல்ல?”

மிருதுளா மேஜையைத் தட்டினாள். “சாக்கடைத் தண்ணிய குடிச்சா காலரா வரும் மேடம், அலர்ஜி போகாது. அது வேற, இது வேற. அவங்களுக்கும் நல்ல தண்ணி வேணும். நீங்களும் கை கழுவுங்க, தண்ணிய காய்ச்சிக் குடிங்க. மனுஷங்கள காய்ச்சாதீங்கன்னுதான் சொல்றேன். பொட்டிய நிறுத்துங்க. அவங்க குழந்தைங்களும் உங்க குழந்தைங்களும் ஒரே புல்வெளில சேர்ந்து விளையாடட்டும். மருந்து அவ்வளவுதான்.”

ஒன்பது முகங்களும் அவளை ஒரே மாதிரி பார்த்தன. தட்டில் புழு நெளிவதைப் பார்க்கிற பார்வை.

விக்னேஷ்வரன் தொண்டையைச் செருமினார். “டாக்டர், நீங்க சொல்றது சயின்ஸா இருக்கலாம். ஆனா இது ஒரு ஸ்டாண்டர்ட் உள்ள இடம். கேப்ஸ்யூல் பத்தி ஒரு கமிட்டி போடுவோம். அதுவரைக்கும் நாம ரிஸ்க் எடுக்க முடியாது. C பிளாக் சுத்தவாசல் உடனே சரியாகணும். எல்லா பிளாக்லயும் எட்டு செகண்ட்ட பதினாறா ஆக்கறோம். ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

“சார், உங்க பேத்தி…”

“என் பேத்திக்காகத்தான் டாக்டர்!” கிழவர் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. அதுதான் மிருதுளாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒன்பது கைகளும் உயர்ந்தன.

*

வெளியே படிக்கட்டருகில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். கையில் காலித் தட்டு.

“டாக்டரம்மா, ஒரு டவுட்டு.”

“சொல்லு.”

“உள்ள சொன்னீங்களே, கையிலேர்ந்து புள்ளைக்குப் போவும்னு. நான் இந்தப் பொட்டில நின்னுட்டு வூட்டுக்குப் போறேன்ல? முப்பது மணி நேரம் நிக்கும்னாங்களே அந்த மருந்து. அப்ப என் கையிலேர்ந்து என் புள்ளைக்கும் ஒண்ணும் போயிருக்காதா?”

“உனக்குக் குழந்தை இருக்கா எஸ்தர்?”

“இருந்துது. கெசியா. ஆறு வயசு. கைக்கொழந்தையிலேர்ந்து அத எங்க வூட்டுக்காரர் ஒண்டியாத்தான் பாத்துக்கினாரு; நான் இங்கதான கீறேன். ராவுல மட்டும் எங்கிட்ட வந்து ஒட்டிக்கினு தூங்கும்; என் மேல கீற மருந்து அது மேலயும் ஏறியிருக்கும்ல. ரெண்டு வருசம் முன்ன இறால் வறுத்தேன். ஒண்ணு எட்த்து வாயில போட்டுது.” எஸ்தர் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். “இறால் புடிக்கிற வூடு டாக்டரம்மா. எங்க பாட்டன் பூட்டன் காலத்துல யாராவது இறால் தின்னு செத்தாங்கன்னு கேட்டா, குப்பமே சிரிக்கும். ஆஸ்பத்திரில, ‘ஊசி போட்டிருந்தா பொழச்சிருக்கும்’னாங்க. பாப்பா வூட்டுல மேஜ டிராயருக்கு டிராயரு கீதே, அந்த ஊசி.”

மிருதுளாவின் பார்வை அந்தக் கைகளின் வெடிப்பில் போய் நின்றது.

“எங்காளுங்கள்லயும் இப்ப மூணு நாலு புள்ளைங்களுக்கு ஒடம்பு வீங்குது. எல்லாம் பொட்டிக்கு வர்ற வூட்டுப் புள்ளைங்க. C பிளாக்குக்குப் போறவங்க வூட்டுல ஒண்ணுமில்ல. இப்பத்தான் ஓசன பண்ணிப் பாக்குறேன்.” அவள் நேராகப் பார்த்தாள். “பொட்டிதானா டாக்டரம்மா?”

இல்லை என்று சொல்லலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவத் தமிழில் மழுப்பலாம். அவள் தொழிலில் அதற்கெல்லாம் நல்ல வாக்கியங்கள் இருந்தன.

“ஆமா” என்றாள்.

எஸ்தர் தலையை ஆட்டினாள். மணி பார்த்தாள். “பாப்பாவுக்குப் பொடி கரைக்கணும்” என்று A பிளாக் பக்கம் நடந்தாள்.

மிருதுளா கீழ்த்தளத்துக்கு, டில்லியின் அறைக்குப் போனாள். அவன் புதுக் குழாய் முனைகளைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தான்.

“டில்லி, பதினாறு செகண்ட் வேலை யாருக்கு?”

“எனுக்குத்தான் மேடம்.”

“முடிஞ்சதும் யாரு செக் பண்ணுவா?”

“ஆபீஸ்ல ஸ்கிரீன். அப்புறம் உங்க கையெழுத்து. மெடிக்கல் சர்டிபிகேட்.”

“C பிளாக்ல என்ன பண்ணினியோ, அத ஆறு பிளாக்குக்கும் பண்ணு.”

டில்லி முனையைக் கீழே வைத்தான். “மேடம், மாட்டினா என் வேலை பூடும்.”

“மாட்டினா நான் சொல்லித்தான் பண்ணேன்னு சொல்லு. ஏழு வருஷமா வராதவங்க, இனிமேயா பின்பக்கம் வரப்போறாங்க?”

டில்லி யோசித்தான். அப்புறம் முகம் முழுக்கச் சிரிப்பு. “பதினாறு செகண்டு லைட்டு. ஒரு பொட்டு மருந்து கெடயாது. பண்ணிடலாம் மேடம்.”

*

பெரிய குழந்தைகளுக்குப் பாதிதான் பலித்தது. சின்னதுகளுக்கு நன்றாகப் பிடித்தது. ஆறு வாரத்தில் மரவள்ளிக்கிழங்கு அரிப்பு நின்றது. ஐந்தாவது மாதம், யாழிசையின் நாக்கில் மீண்டும் ஒரு பருக்கை. மிருதுளா ஊசியோடு இருபது நிமிஷம் காத்திருந்தாள். அப்புறம் அரை மணி. குழந்தை சலித்துப் போய், “இன்னொண்ணு” என்றது. பிறகு பருப்பும் பாலும் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒன்பதாவது மாதம் பதிவேட்டில் நூற்றுப் பத்துப் பெயர்களை அடித்திருந்தாள். குப்பத்துப் பிள்ளைகளின் வீக்கமும் வடிந்து வருவதாக எஸ்தர் சொன்னாள். அவள் கை வெடிப்பு ஆறியிருந்தது. கேப்ஸ்யூல் கமிட்டி ஒரு தடவைகூடக் கூடவில்லை. தேவையில்லாததால் ஸ்டேயும் வாங்கவில்லை. குப்பத்தில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள்.

சங்கம் விழா எடுத்தது. வளைவு வைத்து, பூ கட்டி, ‘பதினாறு விநாடிப் புரட்சி’ என்று பேனர். மேடையில் விக்னேஷ்வரனுக்குச் சால்வை.

“எட்டு செகண்ட் சுத்தம் பத்தல! அதான் நம்ம குழந்தைங்க கஷ்டப்பட்டாங்க!” என்று மைக்கில் முழங்கினார். “டபுள் பண்ணோம். ஜெயிச்சோம்! இந்தக் கடற்கரையில இருக்கிற இருபத்தெட்டு வளாகமும் நம்ம மாடலக் கேட்டு ஆர்டர் குடுத்திருக்காங்க!”

கைத்தட்டல். முதல் வரிசையில் மிருதுளாவுக்கு வியர்த்தது. இருபத்தெட்டு வளாகம். நிஜமான பதினாறு விநாடி. எத்தனை குழந்தைகள், எத்தனை குப்பங்கள். மேடையேறி மைக்கைப் பிடுங்கி உண்மையைச் சொன்னால், இங்கே நாளைக்கே மோட்டார் ஓடும். யாழிசையின் சோறு போகும். சொல்லாவிட்டால் அந்த இருபத்தெட்டு வளாகத்திலும் ஓடும். எழுந்துவிட்டாள்.

பக்கத்தில் டில்லி வந்து நின்றான். புதுச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

“மேடம், இருபத்தெட்டுக்கும் மாட்டுற வேலை எனுக்குத்தான் குட்த்துக்கிறாங்கோ. ‘நீ மாட்டினாத்தாம்பா கரெக்டா வருது’ன்னாரு தலைவரு.” குனிந்து காதருகில் சொன்னான். “நாப்பது பசங்களுக்கு டிரெய்னிங் குட்த்துட்டேன். எல்லாம் டைரக்ட்டு.”

மிருதுளா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். மேடையில் இருந்தவர்கள் தங்களுக்காகச் சிரிக்கிறாள் என்று நினைத்து, பதிலுக்குச் சிரித்தார்கள். இவ்வளவு முட்டாள்களாக இருந்தால்தான் இவர்களைக் காப்பாற்ற முடிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

விழா முடியும் முன்பே A பிளாக்குக்குக் கிளம்பினாள். யாழிசையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாக இருந்தது. பளிங்கு முன்வாசல் வழியாக ஏறினாள். கதவு திறந்தே கிடந்தது.

கூடத்தில் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கன்னம் உப்பி, கால் ஆட்டிக்கொண்டு. எதிரே கிண்ணத்தில் பருப்பு சாதம், நெய் மணக்க. வாசனையிலேயே மிருதுளாவுக்கு மனசு நிறைந்தது. சமையலறை வாசலில் எஸ்தர், கையில் ஸ்பூனுடன்.

“வா பாப்பா, ஆ காட்டு.”

குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டியது.

“ஏன்டா தங்கம்? பசிக்கலயா?”

“நீ இன்னும் பொட்டில நிக்கல.”

“காத்தாலயே நின்னுட்டுத்தானம்மா வந்தேன்.”

“நான் பாக்கல. இப்ப நில்லு. அங்கயே நில்லு. கிட்ட வராத.” பிஞ்சு விரல் வாசற்படியைக் காட்டியது. குரலில் கோபம் இல்லை; தாத்தாவின் அதே நிதானம். “கையத் தூக்கு. கண்ண மூடு.”

எஸ்தர் மிருதுளாவைப் பார்த்தாள். மிருதுளா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். எஸ்தர் ஸ்பூனைப் பிடித்தபடியே இரண்டு கைகளையும் தூக்கினாள். கண்களை மூடினாள்.

“ஒண்ணு” என்றது குழந்தை. “ரெண்டு. மூணு.”

பதினாறு வரை ஒன்றுகூட விடாமல் எண்ணிவிட்டு, வாயை அகலமாகத் திறந்தது.